யோகராணி அக்கா விழவில்லை

செய்தி வந்தபோது நான் அலுவலகத்தில், யாரும் கவனிக்காத ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்த தொலைபேசி அதிர்ந்தது. எங்கள் சைக்கிள் குழுவின் வாட்ஸ்அப்பில் ஸ்ரீதர் எழுதியிருந்தார்: "நம் குழுவின் மூத்த உறுப்பினர், மலை சைக்கிள் வீராங்கனை யோகராணி அக்கா, தாம் நேசித்த மலையிலேயே தவறி விழுந்து இயற்கை எய்தினார். ஆழ்ந்த இரங்கல்." கூடவே ஒரு படம். படத்தின் நடுவில் ஸ்ரீதர் சிரித்துக்கொண்டிருந்தார். இடது ஓரத்தில் பாதித் தோள், ஒரு காது, தலைக்கவசத்தின் விளிம்பு. அதுதான் யோகராணி அக்கா. செத்தவரின் முழு முகமும் தெரிகிற படம் ஒன்றைத் தேட ஸ்ரீதருக்கு நேரம் கிடைக்கவில்லை போலும். நான் கூட்டத்திலிருந்து வெளியே வருவதற்குள் ரோஜாப்பூக்களும் வெள்ளைப் புறாக்களும் வரிசையாக வந்து விழுந்தன. ஒருவர் "எதிர்பார்த்ததுதான்" என்று எழுதினார். நான் படித்து முடித்ததும் அழித்துவிட்டார்.

மாடிப்படியில் நின்று அக்காவின் கணவர் தவராசா அண்ணனை அழைத்தேன். அவர் அழவில்லை. களைத்த குரலில் பேசினார்.

"மலையுமில்லை மண்ணுமில்லை தம்பி. வருத்தம். கணையத்திலை புற்றுநோய். ஆறு கிழமைக்கு முன்னந்தான் கண்டுபிடிச்சவை. ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம் எண்டிட்டா. இண்டைக்கு விடிய, ஆஸ்பத்திரிக் கட்டில்லை, என்ரை கையைப் பிடிச்சபடி போட்டா." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார்: "விழுந்தவ எண்டு ஆர் சொன்னது?"

சொன்னேன். அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

அக்காவை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அறிந்ததாகச் சொல்லிக்கொள்பவர்களும் படிக்கட்டும். யோகராணி அக்கா விழுந்ததாகச் சொல்லப்படுவது இது இரண்டாவது முறை. முதல் முறை சொன்னபோதும் அது பொய்தான். அந்த முதல் பொய் சொல்லப்பட்ட இடத்தில் நான் இருந்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

அவரை நான் முதன்முதலில் பார்த்தது நியூசிலாந்தில், ஆக்லாந்துக்கு வெளியே கிளீவ்டனைத் தாண்டி இருக்கும் ஒரு பைன் காட்டில். பிளாட் புஷ் புறநகரில் வீடு வாங்கி, உட்கார்ந்தே வேலை பார்த்து, நாற்பத்து மூன்று வயதில் மருத்துவரிடம் திட்டு வாங்கியிருந்தேன். என்னைப் போன்ற ஐ.டி. ஆண்கள் அந்த நிலைமையில் என்ன செய்வார்களோ அதையே நானும் செய்தேன். நடக்கத் தொடங்குவதற்குப் பதிலாகக் கடைக்குப் போனேன். முன்னும் பின்னும் அதிர்வு தாங்கும் மலை சைக்கிள், முழங்கால் கவசம், முழங்கை கவசம், விண்வெளிக்குப் போவதுபோல் ஒரு கண்ணாடி. அந்த வேஷத்தோடு இரண்டாவது வாரமே காட்டுப் பாதையில் இறங்கினேன். ஈரமான ஒரு வளைவில் பயந்துபோய்ப் பின்பிரேக்கை இறுக்கிப் பிடித்ததில் சக்கரம் சுழலாமல் நின்றுவிட, பத்தடி தூரம் மண்ணைக் கிழித்துக்கொண்டு போய் நின்றேன். பக்கத்துப் பெரணிப் புதருக்குள்ளிருந்து ஒரு பெண்மணி எழுந்தார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். குட்டையான, கெட்டியான உடம்பு. தலையில் பழைய வெயில் தொப்பி, கையில் ஒரு பக்கம் பல்லும் மறுபக்கம் அலகும் உள்ள நீளக் காம்பு மண்வாரி.

"தமிழோ?" என்றார்.

"ஆமாங்க."

"நல்லது. அப்ப தமிழிலையே ஏசலாம். இறங்கும். திரும்பிப் பாரும். பின்சில்லைப் பூட்டி இழுத்துக்கொண்டு வந்திருக்கிறீர். நீர் போட்ட கோடு வடிவா இருக்கோ?"

"ஸாரிங்க. பயத்துல..."

"பயமெண்டால் இறங்கி நடக்கிறது. நடக்கிறதுக்கு வெக்கம். மண்ணைக் கிழிக்கிறதுக்கு வெக்கமில்லை."

மண்வாரியை என் கையில் கொடுத்தார். நான் கிழித்த பள்ளத்தை மூடி, மண்ணைத் தட்டி, சரிவைப் பழையபடி வெளிப்பக்கம் சாய்க்க அரை மணி நேரம் ஆயிற்று. பள்ளத்தை அப்படியே விட்டால் அடுத்த மழையின் தண்ணீர் அதில் இறங்கி ஓடும், ஒரு குளிர்காலத்துக்குள் பாதையே ஓடையாகிவிடும் என்று அவர் விளக்கினார். முடிந்ததும் என் சைக்கிளை ஏற இறங்கப் பார்த்தார். "நல்ல சைக்கிள்" என்றார். நன்றி சொன்னேன். "உமக்குத் தேவையில்லாத சைக்கிள்" என்று சொல்லிவிட்டு மறுபடி புதருக்குள் போனார்.

அவர் நகருக்குத் தெற்கே புக்கெகோஹியில் ஒரு காய்கறிப் பொதியிடும் கொட்டகையில் மேற்பார்வையாளர். வெங்காயமும் உருளைக்கிழங்கும் பட்டையில் ஓடி வரும், அழுகியதையும் அடிபட்டதையும் தள்ளிவிட வேண்டும். அந்த வேலையிலேயே தொடங்கி அதிலேயே உயர்ந்தவர். மனிதர்களைப் பற்றிய அவருடைய தீர்ப்புகளும் அந்த வேகத்தில்தான் வரும். "அழுகினதைப் பிரிச்செடுக்கிறதுதான் என்ரை வேலை. வீட்டுக்கு வந்தாப்போலை கண் மறந்துபோகுமே?" என்பார். ஊர் நினைவில் உருகுகிறவர்களை அவருக்கு ஆகாது. "ஊர் ஊரெண்டு அழுகிறவைக்கு, போய் மூண்டு கிழமை இருந்தாக் காணும். நாலாம் கிழமை நியூசிலாந்து நியூசிலாந்தெண்டு அழுவினம்."

சைக்கிளுக்கு அவர் வந்த கதையும் ஒரு வரிதான். மகள் அபிராமி படிப்பதற்கு வெலிங்டன் போனபோது தன் சைக்கிளைக் கராஜில் விட்டுவிட்டுப் போனாள். "அது சும்மா நிண்டது. நானும் சும்மா நிண்டன்." காட்டில் பாதை பராமரிக்கும் தன்னார்வலர்கள் தேவை என்று அறிவிப்பைப் பார்த்து முதல் நாள் போனபோது, 'யோகா' என்று அவர் பெயரைச் சொன்னதும், யோகா வகுப்புக்கு வந்து வழி தவறிவிட்டார் என்று நினைத்து ஒரு வெள்ளைக்காரர் மெயின் ரோட்டுக்கு வழி சொன்னாராம். இவர் பதில் பேசாமல் ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிட்டார். அடுத்த வருடம் அந்த வெள்ளைக்காரருக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர் இவர். தவராசா அண்ணன் ஓய்வு பெற்ற பஸ் ஓட்டுநர். சைக்கிள் ஏறமாட்டார். கார் நிறுத்துமிடத்தில் ஃபிளாஸ்க்கும் ரேடியோவுமாக உட்கார்ந்திருப்பார்.

நம் ஆட்கள் சும்மா விடுவார்களா? கோவில் மண்டபத்தில் அன்னதானப் பந்தியில், என் காதுபடவே ஒரு அம்மா அவரிடம் கேட்டார்: "பேரப்பிள்ளை காணுற வயசிலை உதென்ன விளையாட்டு? விழுந்து முழங்காலை உடைச்சா ஆர் பாக்கிறது?" சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். யோகராணி அக்கா அப்பளத்தை நொறுக்கியபடி, "உங்களுக்கு முழங்கால் மாத்தத் திகதி கிடைச்சிட்டுதோ? என்ரை முழங்கால் இன்னும் என்னோடைதான் இருக்கு" என்றார். அந்தப் பதிலை அவர்கள் மன்னிக்கவில்லை. பிற்பாடு அவர் முழங்கால் உடைந்தபோது அவர்கள் முகங்களில் நான் கண்டதை இரக்கம் என்று சொல்ல மாட்டேன்.

இனி எங்கள் குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஸ்ரீதர் வீடு விற்பவர். நகரின் கிழக்கே பஸ் நிறுத்த பெஞ்சுகளில் விளம்பரமாக அச்சிட்ட அவர் முகத்தின்மேல்தான் ஜனங்கள் உட்காருகிறார்கள். அவருக்கு ஒரு வாடிக்கையாளர் வட்டம் தேவைப்பட்டது, எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டைவிட்டு வெளியேற ஒரு காரணம் தேவைப்பட்டது. அப்படிப் பிறந்தது தமிழ் மலை சைக்கிள் குழு. பன்னிரண்டு ஆண்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி சட்டை, முதுகில் ஸ்ரீதரின் படம். அரை மணி நேரம் சைக்கிள், இரண்டு மணி நேரம் காப்பி, மூன்று நாளைக்குப் புகைப்படம். காட்டுப் பாதை ஒன்றுகூடத் தெரியாததால், தெரிந்தவர் ஒருவர் வேண்டியிருந்தது. நான்தான் யோகராணி அக்காவைக் கூட்டி வந்தேன். சட்டையை அவரிடம் நீட்டியபோது திருப்பிப் பார்த்துவிட்டு மடித்து மேசையில் வைத்தார்.

"முதுகிலை ஒரு ஆம்பிளையைச் சுமந்துகொண்டு மலை ஏற ஏலாது தம்பி."

ஸ்ரீதர் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். மறக்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு இலையுதிர் காலத்தில் தெற்குத் தீவுக்குப் போனோம். குவீன்ஸ்டவுனில் இறங்கி, அங்கிருந்து வேனில் ஒன்றரை மணி நேரம். இருபுறமும் பனி மலைகள், நடுவில் பச்சை நிற ஆறு, ஆற்றோரம் மஞ்சளாகப் பழுத்த பாப்லர் மரங்கள். பள்ளத்தாக்கின் சுவரை ஒட்டி, பாறையையும் புல்லையும் வெட்டி, ஒரு ஆள் அகலத்துக்கு மேலே மேலே ஏறிப் போகும் சைக்கிள் பாதைகள். பன்னிரண்டு பேரில் நான்கு பேர்தான் வந்தோம்: ஸ்ரீதர், நான், ஒரு பல் மருத்துவர், வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர். ஐந்தாவதாக யோகராணி அக்கா. எங்களை இவ்வளவு கேவலமாக நினைக்கிறவர் ஏன் வருகிறார் என்று கேட்டேன். "கூட்டாளியள் மோசமெண்டதுக்காக மலையைப் பாக்காமல் விடுறதே?" என்றார்.

இரண்டு நாளும் மழை. விடுதியில் சீட்டு ஆடினோம். மூன்றாம் நாள் காலை வானம் வெளுத்தது, உச்சிகளில் புதுப் பனி. பாதை தொடங்கி இரண்டு கிலோமீட்டர் ஏறியதும் ஒரு மரத் தடுப்பு குறுக்கே நின்றது. மேல் பகுதி மூடப்பட்டிருக்கிறது, மண்சரிவு அபாயம் என்று அதில் பலகை. யோகராணி அக்கா சைக்கிளைவிட்டு இறங்கினார். ஸ்ரீதர் தடுப்பைத் தூக்கி ஓரமாக வைத்தார்.

"அக்கா, இதெல்லாம் இவங்க சேஃப்டிக்குப் போட்டு வைக்கிறது. நாளைக்கு ஃபிளைட். இவ்ளோ தூரம் வந்துட்டு மேல போய் ஒரு போட்டோகூட எடுக்காமப் போறதா?"

"தம்பி, அது வீடு விக்கிற பலகை இல்லை. அதிலை எழுதினது உண்மையாத்தான் இருக்கும்."

பல் மருத்துவர் சிரித்துவிட்டார். அதுதான் வினையாயிற்று. ஸ்ரீதரின் காது சிவந்தது. "பயமா இருக்கறவங்க இங்கயே இருங்க" என்று சொல்லிவிட்டு ஏறி மிதித்தார். மற்ற இருவரும் பின்னால் போனார்கள். யோகராணி அக்கா என்னைப் பார்த்தார்.

"நீரும் போறீரோ?"

"கொஞ்ச தூரம் போயிட்டு வந்துடறேன்க்கா."

 நான் கடந்ததும், அவர் தடுப்பை எடுத்துப் பழைய இடத்தில் நேராக நிறுத்திக்கொண்டிருந்தார்.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பாதையின் வெளி விளிம்பு ஊறிப்போய்க் கிடந்தது. ஸ்ரீதர் ஒரு கையில் செல்ஃபோனைப் பிடித்துக் காட்சியைப் படம் எடுத்தபடி போனார். முன்சக்கரத்தின் கீழ் மண் ரொட்டித் துண்டுபோலப் பிய்ந்து விழுந்தது. சைக்கிள் ஆறு இருக்கும் பக்கம் உருண்டு போயிற்று. அவர் இரண்டு ஆள் ஆழத்துக்குச் சறுக்கி, கற்சரிவில் முளைத்த ஒரு முட்புதரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அலறினார். "அம்மா, அம்மா" என்றுதான் அலறினார். பயத்தில் யாரும் அப்படித்தான் அலறுவார்கள், அதற்காக நான் அவரை இகழவில்லை. பல் மருத்துவரும் வங்கிக்காரரும் உதவி கூட்டி வருவதாகச் சொல்லித் திரும்பிப் போனார்கள். நான் பாதையில் நின்றேன். வெறுமனே நின்றேன். 

யோகராணி அக்கா நடந்து வந்தார். சைக்கிளைத் தடுப்பருகிலேயே விட்டுவிட்டு, நாங்கள் போன உடனேயே நடக்கத் தொடங்கியிருக்கிறார். குப்புறப் படுத்து விளிம்புக்குக் கீழே பார்த்தார்.

"கத்தாதையும். அசையாதையும். நான் வாறன்."

நேராக இறங்காமல் பக்கவாட்டில், குதிகாலால் உதைத்து உதைத்துப் படி வெட்டிக்கொண்டு இறங்கினார். ஸ்ரீதருக்குக் கீழே போய் நின்று, அவர் காலை ஒரு பாறைமேல் எடுத்து வைத்தார். "இதிலை நில்லும். இப்ப மற்றக் காலை. ஆறுதலா." மேலிருந்து நான் படுத்தபடி கையை நீட்டினேன். இரண்டாவது படி வரை ஒழுங்காக வந்தது. அப்போது ஒரு கல் உருண்டது. அவ்வளவுதான், ஸ்ரீதர் எல்லாவற்றையும் மறந்து, அக்காவின் மடித்த முழங்காலை மிதித்து எம்பி என் கையைப் பிடித்தார். எம்பிய வேகத்தில் அவருடைய பூட்ஸ் மறுபடி அதே முழங்காலை உதைத்தது. அக்கா கீழே போனார். முட்புதர் அவரை நிறுத்தியது. முழங்கால் பாறையில் மோதிய சத்தம் மேலே இருந்த எனக்குக் கேட்டது.

நான் ஸ்ரீதரை மேலே இழுத்துப் போட்டேன். அவர் என்னைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. கீழேயிருந்து குரல் வந்தது. "அவருக்கு ஒண்டுமில்லை. அவரை விட்டிட்டு எனக்குக் கையைத் தாரும்." தாம் வெட்டிய படிகளிலேயே முழங்கையாலும் ஒற்றைக் காலாலும் ஏறிக்கொண்டிருந்தார். உதட்டைக் கடித்ததில் ரத்தம் வந்திருந்தது.

என் சட்டையைக் கிழித்து, காற்றடிக்கும் பம்பை வைத்துக் காலைக் கட்டினோம். அவரை என் சைக்கிளில் உட்கார வைத்து, காலை நீட்டியபடி, நான் பிடித்துத் தள்ளிக்கொண்டே இறங்கினேன். ஸ்ரீதர் தன் முழங்கைச் சிராய்ப்பைப் பிடித்துக்கொண்டு கூட நடந்தார். "சைக்கிளிலை ரெண்டு சில்லும் வடிவா இருக்கு. உடைஞ்சது என்ரை முழங்கால் சில்லு" என்றார் அக்கா. உதவிக்குப் போன இருவரையும் ஆற்றோரக் கடையில் கண்டோம். சூடான சாக்லேட் குடித்துக்கொண்டிருந்தார்கள். சிக்னல் கிடைக்கவில்லை என்றார்கள்.

சிகிச்சை நிலையத்தில் நர்ஸ் என்ன நடந்தது என்று கேட்டாள். ஸ்ரீதர் முந்திக்கொண்டார். அக்காவுக்கு வயதாகிவிட்டது, பேலன்ஸ் தவறி விழுந்துவிட்டார் என்றார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அக்கா உள்ளே எக்ஸ்ரே அறையில் இருந்தார். அன்று மாலையே, எங்கள் குடும்பத்தினரும் சேர்ந்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: "யோகராணி அக்கா மலையில் தவறி விழுந்தார். குழுவினர் உயிரைப் பணயம் வைத்து மீட்டோம்." கைதட்டல்கள் குவிந்தன. அவற்றில் ஒன்று என் மனைவி அனுப்பியது.

ஆக்லாந்து திரும்பி, அறுவை சிகிச்சை முடிந்த பிறகு மருத்துவமனையில் போய்ப் பார்த்தேன். ஆரஞ்சுப் பழங்கள் வாங்கிப் போயிருந்தேன். அந்த வாட்ஸ்அப் பொய்யை அவர் படித்திருந்தார். "ஏன்க்கா நீங்க ஒண்ணும் சொல்லல? நீங்க உண்மையச் சொல்லலாம்ல?" என்று கேட்டேன். அப்படிக் கேட்பதே நியாயவான் வேலை என்று நினைத்துக்கொண்டுதான் கேட்டேன்.

அவர் ஆரஞ்சுப் பையை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"விழுந்தவள் எண்டு சொல்லப்பட்டவள் நான். நான் சொன்னால் வீம்புக்குச் சொல்லுறன் எண்டுவினம். அங்கை நிண்டு பாத்தவர் நீர். நீர் ஏன் சொல்லேல்லை?"

 அதற்கான பதிலை இப்போது எழுதிவிடுகிறேன். என் மனைவியும் ஸ்ரீதரின் மனைவியும் தோழிகள். சனிக்கிழமை விருந்துகள், பிள்ளைகளின் பிறந்தநாள்கள், ஒரே நடன வகுப்பு. வாயைத் திறந்தால் அந்த அழைப்புகள் நின்றுபோகும். அவ்வளவுதான். ஒரு மனுஷியின் பெயரை நான் பிரியாணிக்கு விற்றேன்.

அதன் பிறகு அக்காவால் சைக்கிள் மிதிக்க முடியவில்லை. முழங்கால் ஓரளவுக்கு மேல் மடங்கவில்லை. ஆனால் காட்டுக்கு வருவதை நிறுத்தவில்லை. ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, கை எட்டும் தூரத்துக்கு மண்ணைச் செதுக்குவார். பிறகு வாளியை நகர்த்துவார். நான் ஞாயிறுதோறும் குழுவுக்குப் போவதை விட்டுவிட்டு அவரிடம் போகத் தொடங்கினேன். பரிகாரம் என்று நினைத்தேன். அவர் அப்படி நினைக்க இடம் கொடுக்கவில்லை. "நீர் வாறது எனக்காக எண்டால் வரவேண்டாம். பாதைக்காக எண்டால் அந்தக் கல்லைத் தூக்கும்." ஒருமுறை மூன்று வாரம் பாடுபட்டு ஒரு வளைவுக்கு வடிகால் வெட்டி முடித்தேன். வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, வளைவின் தலையில் ஊற்றி, அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தார். தண்ணீர் ஒழுங்காக விலகிப் புதருக்குள் போயிற்று. "ம். ஒரு மழைக்குத் தாங்கும்" என்றார். மூன்று வருடத்தில் அவரிடம் நான் பெற்ற ஒரே பாராட்டு அதுதான்.

நோய் தெரியவந்த பிறகான அந்த ஆறு வாரங்களிலும் அவர் காட்டுக்கு வரவில்லை. முழங்கால் நோகிறது என்று ஒரு குறுஞ்செய்தி மட்டும் அனுப்பினார். நம்பிவிட்டேன்.

இரங்கல் கூட்டம் நியூ லின்னில் ஒரு சமூக மண்டபத்தில் நடந்தது. குழு ஏற்பாடு. நுழைவாயிலில் ஸ்ரீதரின் நிறுவனப் பெயர் போட்ட தண்ணீர் போத்தல்கள். கோவில் பந்தியில் சிரித்தவர்கள் முன்வரிசையில் வெள்ளைச் சேலையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் சமூகத்தின் துணிச்சலான பெண்மணி, முன்னோடி, இளம் பெண்களுக்கு எடுத்துக்காட்டு என்று ஒவ்வொருவராக ஒலிவாங்கியில் ஓதினார்கள். இத்தனை பெருமையையும் அவர் இருக்கும்போது எங்கே ஒளித்து வைத்திருந்தார்களோ தெரியவில்லை. ஸ்ரீதர் கடைசியில் வந்தார். மறைவுக்குக் காரணம் நோய் என்று அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது, அதனால் கதையைக் கொஞ்சம் திருத்தியிருந்தார். "அன்னைக்கு அந்த மலையில அக்கா விழுந்தப்போ நான் மட்டும் கை குடுத்திருக்கலேன்னா, இந்த மூணு வருஷம் நமக்குக் கிடைச்சிருக்காது" என்றார்.   சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டிருந்தார்.

நான் எழுந்து மேடைக்குப் போனேன். தைரியசாலியாகப் போகவில்லை.  ஒலிவாங்கியை அவர் கையிலிருந்து வாங்கினேன்.

"அக்கா விழல. விழுந்தது ஸ்ரீதர். மூடின பாதைன்னு தெரிஞ்சே போனோம், நானுந்தான் போனேன். அக்கா இறங்கி அவரைக் காப்பாத்தினாங்க. அவர் மேல ஏர்றப்போ அவங்க முழங்கால மிதிச்சுத் தள்ளிட்டு ஏறினார். அவங்க அதனாலதான் அப்புறம் சைக்கிள் ஓட்டல. நான் பாத்தேன். மூணு வருஷமாச் சொல்லல."

 யாரோ ஒருவர், "தம்பி, இது அதுக்கான இடமில்லை" என்றார். முன்வரிசை அம்மா, "செத்த வீட்டிலையும் அரசியலோ" என்றார். ஸ்ரீதர் என்னைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தார். நிகழ்ச்சியைத் தொகுத்தவர் அவசரமாகத் தேநீர் தயாராக இருப்பதாக அறிவித்தார். நம்மவர்களின் மனசாட்சிக்கு வடை வந்துவிட்டது. பத்து நிமிடத்தில் மண்டபத்தின் பின்பக்கம் பழைய சத்தம் கேட்கத் தொடங்கியது.

தவராசா அண்ணன் மட்டும் நாற்காலியைவிட்டு எழாமல் இருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "எனக்குத் தெரியும் தம்பி. அவ அண்டைக்கே சொன்னவ" என்றார். அவருக்கு அடுத்து இருந்த அபிராமிக்குத் தெரிந்திருக்கவில்லை. இங்கே பிறந்து வளர்ந்த பெண், தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். அம்மா உயிரோடு இருந்தபோது ஏன் சொல்லவில்லை என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான் பயந்தேன் என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள். மன்னித்த தலையாட்டல் இல்லை. குறித்துக்கொண்ட தலையாட்டல். அம்மாவின் மகள்.

அடுத்த நாள் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். என் வீட்டிலும் இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் என் மனைவி, தான் அனுப்பிய அந்தக் கைதட்டலைப் பற்றிப் பேசினாள், அழுதாள். சனிக்கிழமை அழைப்புகள் நின்றுபோயின. எதற்காக மூன்று வருடம் வாயை மூடியிருந்தேனோ அது போனபோது, அது இல்லாமல் சுகமாக இருக்க முடிகிறது என்று தெரிந்தது. இவ்வளவு மலிவான ஒன்றுக்கு விலைபோனவன் என்று தெரிவது நல்ல அனுபவம் அல்ல.

யோகராணி அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது எது என்று யோசித்துப் பார்த்தேன். அவருடைய ஏச்சுகளை எல்லோரும் வைத்திருக்கிறார்கள், தேநீர் நேரத்தில் சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்கு அவை வேண்டாம். அன்று மலையிலிருந்து இறங்கியபோது பாதி வழியில் வலி தாங்காமல் சைக்கிளை நிறுத்தச் சொன்னார். ஸ்ரீதர் முன்னால் நடந்து போய்விட்டார். மேகம் விலகி, எதிர்ப்பக்க மலைச் சுவர் முழுதும் தெரிந்தது. அதில் மெல்லிய ஒற்றைக் கோடாக ஒரு பாதை, பாறைக்குப் பாறை விலகி, ஓடைக்கு ஓடை தாழ்ந்து, எங்கும் அறுபடாமல் கண் எட்டும் வரை போயிற்று. இரண்டு நாள் அடைமழைக்குப் பிறகும் அந்தக் கோட்டில் ஒரு இடம்கூடச் சரியவில்லை. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆரோ ஒருத்தன் அதைக் கையாலை வெட்டியிருக்கிறான்" என்றார். "பேர் தெரியாது. எங்கையும் எழுதி வைக்கவும் இல்லை."

பிறகு, கோவிலில்கூட நான் அவரிடம் பார்த்திராத ஒன்றைச் செய்தார். சைக்கிள் கைப்பிடியிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து, அந்த மலையைப் பார்த்துக் கும்பிட்டார். விழுந்துவிடாமல் நான் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அதை நான் வைத்துக்கொள்கிறேன்.